பிள்ளைகளின் மனதுக்கும் வீட்டில் இடம் வேண்டும்

புலம்பெயர்ந்து வாழும் எமது மக்கள் தம் பிள்ளைகளின் கல்வியில் காட்டும் அக்கறைக்கு எவரும் குறை சொல்ல முடியாது. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் வந்திறங்கி, மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து தஞ்சம் கோரியவர்கள், அகதி விடுதிகளின் ஒற்றை அறைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பின்னர் உணவகங்களின் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் இரவு பகலாக உழைத்து, தம் பிள்ளைகளை ஜிம்னாசியத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார்கள். இது பெருமைக்குரியதே. ஆயினும், பிள்ளைகளின் புள்ளிகளைக் கவனித்த அளவுக்கு அவர்களின் மனத்தை நாம் கவனித்தோமா என்ற கேள்வியை இனியும் ஒத்திப்போடுவதற்கில்லை.

இந்நாட்டில் வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு, ஊரில் வளர்ந்த பிள்ளைகள் அறியாத ஒரு கடமை வந்து சேர்ந்தது. பெற்றோரின் வாயாகவும் செவியாகவும் இருப்பதே அது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரி கூறுவதையும், வீட்டுச் சொந்தக்காரரின் கடிதத்தையும், தாயின் நோய் பற்றி மருத்துவர் சொல்லும் செய்தியையும் எட்டு வயதிலும் பத்து வயதிலும் அவர்கள் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடியும்போதே பிள்ளை அடுத்து எந்த வகைப் பாடசாலைக்குச் செல்வது என்ற முடிவு எடுக்கப்படுகிறது. அது பற்றி ஆசிரியர் சொல்வதையும் அதே பிள்ளைதான் பெற்றோருக்கு விளக்க நேர்ந்தது. தன் குறையைத் தானே மொழிபெயர்க்க வேண்டியிருந்த பிள்ளையின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

இதனைக் கெட்டித்தனம் என்று நாம் மெச்சினோம். அதன் பாரத்தை நாம் அறியவில்லை. நாடுகடத்தல் தற்காலிகமாகவே நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று கூறும் 'டுல்டுங்' பத்திரத்தின் பொருளைப் பல வீடுகளில் முதலில் விளங்கிக்கொண்டவர் பிள்ளையே. தாய் தந்தையர் கலங்கிவிடுவார்களே என்று பாதியை விழுங்கி மீதியைச் சொன்ன பிள்ளைகளும் உண்டு. பெற்றோரைக் காப்பது தன் வேலை என்று எண்ணப் பழகிய பிள்ளை, தன் துன்பத்தை அவர்களிடம் சொல்லத் தயங்கும். அந்தப் பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராகிவிட்டார்கள். ஆனால் 2009இல் போர் முடிந்த பின்னரும் எம்மவர் தஞ்சம் கோரி இங்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களின் வீடுகளில் அதே கதை மீண்டும் நிகழ்கிறது.

இதனுடன் மொழியின் இடைவெளியும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குப் பகற்பராமரிப்பு இடம் பெறும் சட்ட உரிமை 2013 ஆகஸ்ட் முதல் இந்நாட்டில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதனால் பிள்ளை விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதி டொச் மொழியில் கழிகிறது. மாலையில் களைத்து வரும் பெற்றோரின் வாயில் எஞ்சும் தமிழ் எது? சாப்பிடு, படி, ரீவியை நிற்பாட்டு, படு. கட்டளைத் தமிழை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு ஏக்கத்தையும் ஏமாற்றத்தையும் வெட்கத்தையும் மனத்தாங்கலையும் தமிழில் சொல்லத் தெரியாது. டொச்சில் சொன்னால் பெற்றோருக்கு முழுவதும் விளங்காது. இடையில் நிற்பது மௌனம். தமிழாலயங்களில் வார இறுதி தோறும் ஆசிரியர்கள் தொண்டுணர்வோடு எழுத்தையும் இலக்கணத்தையும் கற்பிக்கிறார்கள். மனத்தைச் சொல்லும் தமிழை வீடுதான் கற்பிக்க வேண்டும்.

இதற்குப் பெரும் படிப்போ பணமோ வேண்டியதில்லை. பாடசாலையால் வந்த பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்குமுன், இன்று யாரோடு விளையாடினாய் என்று கேட்கலாம். முகம் வாடியிருந்தால், "கூட்டாளிகள் விளையாட்டில சேர்க்கேல்லை எண்டு கவலையா இருக்கோ?" என்று கேட்கலாம். உடனே புத்தி சொல்லாமல், பதிலை முடியும்வரை கேட்க வேண்டும். பெற்றோர் ஓர் உணர்வுக்குப் பெயர் சொல்லும்போது பிள்ளை அந்தச் சொல்லையும் கற்கிறது. அவ்வாறு உணர்வது குற்றமல்ல என்பதையும் கற்கிறது. தந்தையும் தன் மனம் இன்று வேலையிடத்தில் நொந்ததைப் பிள்ளைக்கு ஏற்ற அளவில் சொல்லலாம். அதனால் அவரது மதிப்புக் குறைந்துவிடாது.

வகுப்புச் சுற்றுலாவுக்கும் நண்பரின் பிறந்தநாளுக்கும் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, அனுப்ப மறுப்பவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நட்பும் பிணக்கும் சமாதானமும் புத்தகத்தில் கற்பவை அல்ல. அவ்வாறே, ஹாம் காமாட்சி அம்பாள் தேர்த்திருவிழாவிலோ கல்யாண மண்டபத்திலோ உறவினரைக் கண்டதும், மற்றவரின் பிள்ளையோடு தன் பிள்ளையை ஒப்பிட்டுப் பேசும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். பலர் முன்னிலையில் பட்ட அவமானத்தைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை.

அடியாத மாடு படியாது என்ற பழமொழியை இன்றும் துணைக்கு அழைப்போர் உளர். வன்முறையற்ற வளர்ப்பு பிள்ளையின் உரிமை என்று 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஜேர்மன் குடியியற் சட்டம் திருத்தப்பட்டது. உடலில் அடிப்பதை மட்டுமன்றி உள்ளத்தைப் புண்படுத்துவதையும் அச்சட்டம் தடுக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் கையை அடக்கினால் போதாது. அடிக்கு அஞ்சும் பிள்ளை தவறு செய்யாமல் விடுவதில்லை. தவறை மறைக்கவே கற்றுக்கொள்கிறது.

எமது வீடுகளில் இன்னொரு மௌனமும் உண்டு. போரில் கண்டதை வாய்விட்டுச் சொல்லாத பெற்றோர் பலர். யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவ அறிஞர் தயா சோமசுந்தரம், போர் தமிழ் மக்களின் மனங்களில் விட்டுச்சென்ற வடுக்களைப் பற்றி 1998இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் விரிவாக எழுதினார். இரவில் தந்தை ஏன் திடுக்கிட்டு எழுகிறார், தாய் ஏன் காரணமின்றிச் சினக்கிறாள் என்று அறியாத பிள்ளை, அது தன்னால்தான் என்று எண்ணிக்கொள்ளும். குருதி சிந்திய காட்சிகளைச் சிறு பிள்ளைக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஊரில் நடந்த துன்பம் நினைவுக்கு வந்தது, உன்மேல் கோபமில்லை என்ற ஒரு வார்த்தை போதும்.

மொழிபெயர்ப்புப் பாரத்தையும் இறக்கிவைக்க வழிகள் உண்டு. தஞ்சக் கோரிக்கை விசாரணைக்கு அரசே இலவசமாக மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்கிறது. காரித்தாஸ், தியாக்கோனி போன்ற அமைப்புகள் குடிவந்தோருக்குக் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகின்றன. எம்மவருள் டொச் கற்றுத் தேர்ந்த இளையோர் இன்று பலர் உள்ளனர். எமது சங்கங்களும் கோயில்களும் அவர்களை ஒன்றுசேர்த்தால், மருத்துவரிடமும் பாடசாலைக்கும் பெற்றோருடன் வளர்ந்தவர் ஒருவரே செல்லலாம்.

யூகென்ட்அம்ட் எனப்படும் இளையோர் நலப் பணியகத்தின் பெயரைக் கேட்டாலே பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று எம்மவர் அஞ்சுகிறார்கள். பெற்றோருக்கு ஆலோசனை வழங்குவதும் அதன் கடமையே. 116 111 என்ற இலவச இலக்கத்தில் பிள்ளைகள் தம் பெயரைக் கூறாமலே பேசலாம். பெற்றோருக்கான இலவச இலக்கம் 0800 111 0550. இரண்டிலும் உரையாடல் டொச் மொழியிலேயே நடைபெறும். உதவி கேட்பது குடும்பத்தின் மானத்துக்கு இழுக்கு அல்ல.

எமக்காகச் சிறு வயதிலேயே பேசியவர்கள் எமது பிள்ளைகள். அவர்கள் தமக்காகப் பேசும்போது கேட்பதற்கு நாம் இருக்கிறோமா? இன்றிரவு உணவு மேசையில் கால் மணி நேரம் தொலைபேசிகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதனைத் தொடங்கலாம்.