காணும் உரிமைக்குக் கட்டணமா?



2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை, இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடந்தேறியது. 24 நாடுகள் களம் கண்டன. அரங்குகள் எழுந்தது மக்கள் பணத்தில்! ஆயின், வருசநாட்டு மலையடிவாரத்து மயிலாடும்பாறையிலே, பகலெல்லாம் உழைத்து இல்லம் திரும்பும் தோழன், கேபிளுக்கு மாதச் சந்தா கட்ட இயலாதவன், இத்தகைய ஆட்டங்களை எங்ஙனம் காண்பான்?

வழி இல்லாமல் இல்லை. தேசிய முக்கியத்துவம் உடையவை என மத்திய அரசு அறிவிக்கும் போட்டிகளைத் தனியார் ஒளிபரப்பாளர்கள் பிரசார் பாரதியோடு நேரலையாகப் பகிர்ந்திட வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷுக்கோ மாதக் கட்டணமே இல்லை. கருவிக்கு ஒருமுறை செலவிட்டால் போதும்.

ஆனால், பட்டியலில் ஏறிய ஆட்டத்துக்குத்தான் சட்டம் காவல். கோவில்பட்டியிலே லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக வியர்வை சிந்தும் இளைஞனுக்கு அந்தக் காவல் உண்டா? பெரிய ஆட்டக்காரன் பிறப்பதே சிறிய களத்தில் அன்றோ!

மாநில, மாவட்ட ஆட்டங்களையும் டிடி தமிழில் காட்டுக எனக் கேட்போம். கேட்பதோடு நில்லோம், படிப்பகந்தோறும் இலவச டிஷ் ஒன்றை நிறுவுவோம். அன்று ஒருவர் ஏடு படிக்க ஊர் கேட்டது. இன்று ஊரே கூடி ஆட்டம் காணட்டும்!