குடித்தவன் செய்ததும் அவன் செய்ததே

பன்வில, மடுல்கலை பக்கத்துத் தோட்டங்களிலும் மலையகத்தின் பிற இடங்களிலும் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை வெளியே வந்தால், அதன் பின்னாலேயே ஒரு சமாதானமும் வந்துவிடும்: "போதையில செஞ்சிட்டான், மத்தபடி நல்ல பையன்." உறவினர்கள் இதைச் சொல்வார்கள். பேசித் தீர்க்க உட்கார்ந்த பெரியவர்கள் தலையாட்டுவார்கள். பொலிசுக்குப் போக வேண்டிய விஷயம் லயத்து வாசலிலேயே முடிந்துவிடும். இந்தச் சமாதானத்துக்கு ஆதாரம் கிடையாது. இதை நம்பிக்கொண்டே இளைஞர்களுக்கு மது ஒழிப்புப் பாடம் நடத்துவதால் பெண்களின் பாதுகாப்பு ஓரடிகூட முன்னேறாது.

ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் ஆறு நாடுகளில் சுமார் 10,000 ஆண்களிடம் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அந்த ஆறில் இலங்கையும் ஒன்று. வன்புணர்வு செய்ததாக ஒப்புக்கொண்ட ஆண்களிடம் ஏன் செய்தீர்கள் என்று கேட்டபோது, எல்லாவற்றிலும் அதிகமாக வந்த பதில், பெண் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் தனக்கு உரிமை உண்டு என்ற எண்ணம். மிகக் குறைவாக வந்த பதில் மது. யாருக்கும் பெயர் தெரியாமல் பதில் சொல்லக் கிடைத்த வாய்ப்பிலும் அந்த ஆண்களில் பெரும்பாலோர் சாராயத்தின் மேல் பழி போடவில்லை. அவர்களுக்காக அந்தப் பழியைப் போடுவது சுற்றியுள்ள நாம்தான். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த இலங்கைப் பெண்களில் 20.4 வீதமானோர் அந்தத் துணையாலேயே உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஐந்தில் ஒரு பெண் என்றால் ஒரு லயத்து வரிசையில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் மதுவுக்குப் பங்கே இல்லையா? நிச்சயமாக உண்டு. 1990இல் ஸ்டீல், ஜோசப்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதைத் தெளிவாக விளக்கினார்கள். போதை பார்வையைக் குறுக்கிவிடுகிறது. அந்த நேரத்து ஆசை பெரிதாகத் தெரியும். எதிரில் இருப்பவளின் தயக்கம், முகம் திருப்பல், நாளைய விளைவு எல்லாம் மங்கிவிடும். ஆனால் குறுகிய பார்வையில் எது பெரிதாகத் தெரியும் என்பதை அவன் குடிப்பதற்கு முன்பே கற்றுவைத்திருக்கிறான். மக்அண்ட்ரூ, எட்ஜர்டன் ஆகியோர் 1969இல் வெளியிட்ட நூலில் பல சமூகங்களின் குடிப்பழக்கங்களை ஒப்பிட்டுக் காட்டினார்கள்: எங்கே குடிகாரனுக்குச் சலுகை உண்டோ அங்கே அவன் கட்டவிழ்கிறான், சலுகை இல்லாத இடத்தில் அதே அளவு குடித்தவன் அடங்கி இருக்கிறான். நாம் கொடுத்துவரும் சலுகைதான் அந்த "நல்ல பையன்" என்ற பேச்சு. குடித்தால் ஆண்மை கூடும் என்ற நம்பிக்கையும் இப்படிக் கற்றதுதான். உண்மையில் அளவு கூடினால் விறைப்பு குறையும். நீண்ட காலம் குடித்தவனுக்கு அது நிரந்தரக் குறையாகவும் மாறலாம்.

சட்டம் இந்த விஷயத்தில் ஊர்ப் பஞ்சாயத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. தானே விரும்பிக் குடித்தவன், குடிக்காதவனுக்கு இருந்திருக்கக்கூடிய அதே அறிவோடு செய்தவனாகவே கொள்ளப்படுவான் என்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 79ஆம் பிரிவு. 1995இல் திருத்தப்பட்ட 363ஆம் பிரிவு, ஆணோ வேறொருவரோ கொடுத்த மதுவின் போதையில் இருந்த பெண்ணிடம் பெற்ற சம்மதத்தைச் சம்மதமாகவே ஏற்பதில்லை. உடலில் காயம் இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்பதும் இல்லை. அதே பிரிவில் வெட்கப்படத்தக்க ஓர் ஓட்டையும் உண்டு: நீதிமன்றம் பிரித்துவைக்காத மனைவிக்கு அதில் பாதுகாப்பு இல்லை. குடித்துவிட்டு வரும் கணவனிடம் சிக்கும் பெண்ணுக்கு இப்போதைக்கு மிஞ்சுவது 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்புக் கட்டளை.

"அவளும்தானே குடித்தாள்" என்று கேட்பவர்கள் உண்டு. பெண்கள் மது வாங்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டுத் தடையை 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். போத்தலைப் பெண் தொடலாமா என்று நாடே வாதிட்டது. குடித்த பெண்ணைத் தொடலாமா என்று எவரும் கேட்கவில்லை. ஒரு பெண் விரும்பிக் குடித்தாள் என்றால் குடிக்கச் சம்மதித்தாள், அவ்வளவுதான். நாக்குழறுபவள், நிற்க முடியாதவள், தூங்கிவிட்டவள் எவரும் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. நடந்து பேசிக்கொண்டிருப்பவருக்கும் மூளையில் நினைவு பதியாமல் போகலாம் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. இருவரும் போதையில் இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: அன்றைக்கு விட்டுவிடுவது. விருப்பம் உண்மையானது என்றால் காலையிலும் அது இருக்கும்.

எவ்வளவு குடித்தால் என்ன ஆகும் என்று இளைஞர்களிடம் பேசினால் அது குடிக்கக் கற்றுக்கொடுப்பதாகும் என்ற அச்சத்தையும் நான் மதிக்கிறேன். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். குடிக்காமல் இருப்பதே உடலுக்கு நல்லது. ஆனால் கல்யாண வீட்டில் லயத்துக்குப் பின்னால் கால் போத்தலை இருவராகப் பகிரும் இளைஞன் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருக்கிறான். அவன் கையிலுள்ள 180 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறத்தாழ 48 கிராம் மதுசாரம் இருக்கிறது. ஈரல் மணிக்கு எட்டுப் பத்து கிராம்தான் கரைக்கும். முழுவதையும் ஒருவனே குடித்தால் தெளிய ஐந்தாறு மணி நேரம் ஆகும். "பியர்தானே" என்று திறக்கும் பெரிய ஸ்ட்ரோங் பியர் போத்தலிலும் ஏறக்குறைய நாற்பது கிராம் உண்டு. கசிப்பில் எவ்வளவு என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. சம எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால், உடலில் நீர் குறைவு என்பதால் பெண்ணின் இரத்தத்தில் மது கூடுதலாக ஏறும். குளிப்பதாலோ தேசிக்காய்த் தண்ணீர் குடிப்பதாலோ அது இறங்காது. வெறும் வயிற்றில் குடிக்காதே, பிறர் ஊற்றித் தருவதை வாங்காதே, மயங்கியவரைத் தனியே விடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழை. இவற்றைச் சொல்லாமல் விட்டால் குடிப்பவர் குறையப்போவதில்லை, சாகக்கூடியவர்தான் கூடுவார்.

தோட்டத் தலைவர்களுக்கும் கோயில் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். இனி எந்தக் கூட்டத்திலும் "போதையில செஞ்சான்" என்ற வார்த்தையைத் தணிப்பாக ஏற்காதீர்கள். முதலில் அந்தப் பெண்ணை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். கர்ப்பத்தையும் எச்.ஐ.வி.யையும் தடுக்கும் மருந்துகள் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லதாக, தொடங்கப்பட வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 1938, பொலிஸ் 119.