"நாய் குறுக்க வந்துச்சு சார்!"

செமஸ்டர், அரியர், அட்டெண்டன்ஸ் எல்லாத்தையும் இந்த வாரம் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, ரோட்டுப் பக்கம் வாங்க.

உங்க வீடு சோழபுரத்துல, காலேஜ் கிருஷ்ணன்கோவில்லன்னு வெச்சுக்குவோம். சாயங்காலம் அப்பாவோட பைக்ல ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம் பக்கம் வர்றீங்க. திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலை. கேரளாவுக்குப் போற சரக்கு லாரி, மில் வண்டி, பஸ்னு எப்பவும் நெரிசல். பின்னாடி வந்த ஒரு வண்டி உங்களைத் தட்டிவிட்டுட்டு நிக்காம பறந்துடுது. நம்பரைப் பார்க்க நேரமில்லை. கால்ல எலும்பு முறிவு. யாரோ ஒரு புண்ணியவான் 108-க்கு போன் பண்ணி அரசு ஆஸ்பத்திரியில சேர்த்துட்டார். கேஷுவாலிட்டி டாக்டர் கேட்கிறார்: "என்னப்பா ஆச்சு?"

இப்பதான் சிக்கல். லைசென்ஸ் இன்னும் எடுக்கலை. ஹெல்மெட் வீட்டு ஆணியில பத்திரமா தொங்குது. போலீஸ் வந்தா அப்பாவுக்குத் தெரிஞ்சுடும். சட்டுனு வாயில வர்ற பதில்: "நாய் குறுக்க வந்துச்சு சார்... வழுக்கி விழுந்துட்டேன்." நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்துல இதை யார் சந்தேகப்படப் போறாங்க?

அந்த ஒரு பொய்யில உங்களுக்கு வர வேண்டிய பணம் போயிடலாம். எப்படின்னு கேளுங்க.

டாக்டர் எழுதுற முதல் வரி

விபத்துல அடிபட்டு வர்றவங்களுக்கு ஆஸ்பத்திரியில ஒரு பதிவேடு உண்டு. 'ஏ.ஆர். காப்பி'ன்னு சொல்வாங்க. எத்தனை மணிக்கு வந்தீங்க, யார் கூட்டிட்டு வந்தாங்க, எப்படி அடிபட்டுச்சுன்னு நீங்க சொன்னதை டாக்டர் அதுல எழுதுவார். பின்னாடி நஷ்டஈடு கேட்டுப் போனா, எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல புரட்டுற காகிதம் அதுதான். "அன்னிக்கு வழுக்கி விழுந்தேன்னு சொன்னவர், இன்னிக்கு வண்டி இடிச்சதுன்னு சொல்றாரே?" அவ்வளவுதான், கேஸ் நொண்ட ஆரம்பிச்சுடும்.

அதனால கேஷுவாலிட்டியில சொல்ல வேண்டியது நடந்தது மட்டும்: "இந்த இடத்துல, இத்தனை மணிக்கு, அடையாளம் தெரியாத வண்டி ஒண்ணு பின்னாடி இருந்து மோதிட்டு நிக்காம போயிடுச்சு."

லைசென்ஸ் பயமா? லைசென்ஸ் இல்லாம ஓட்டினா சட்டப்படி 5,000 ரூபாய் அபராதம். வண்டியைக் கொடுத்த அப்பாவுக்கும் தனியா வரலாம். ஆனா, அடிபட்டதுக்கான உரிமை வேற கணக்கு. டூவீலர்ல போன 17 வயசுப் பையன் மேல மினி லாரி மோதின வழக்கு 2008-ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்துச்சு. லைசென்ஸ் இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக விபத்துல அவன் மேலயும் தப்புன்னு சொல்ல முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. இதைப் படிச்சுட்டு லைசென்ஸ் எடுக்காம சுத்தலாம்னு கிளம்பிடாதீங்க! அபராதத்துக்குப் பயந்து பெரிய உரிமையைத் தொலைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

வண்டி கிடைக்காட்டியும் பணம் உண்டு

"இடிச்சவன் யாருன்னே தெரியலை, யார்கிட்ட போய்க் கேட்கிறது?" நம்ம ஆளுங்க பலபேர் இந்த இடத்துல கையைக் கழுவிடுறாங்க.

மோட்டார் வாகனச் சட்டத்தோட 161-வது பிரிவு இதுக்குன்னே இருக்கு. இடிச்சுட்டு ஓடின வண்டி கிடைக்காட்டியும் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் தரணும். முன்னாடி உயிரிழப்புக்கு 25,000 ரூபாய், கொடுங்காயத்துக்கு 12,500 ரூபாய்தான். 2022 ஏப்ரல் 1-ல வந்த புதுத் திட்டம் அதை 2 லட்சமாவும், 50,000-மாவும் உயர்த்திடுச்சு. கொடுங்காயம்னா கை, கால் போனாதான்னு இல்லை. எலும்பு முறிஞ்சாலே, பல் உடைஞ்சாலே அதுல சேரும்.

வக்கீல், கோர்ட் எதுவும் வேண்டாம். படிவத்தை நிரப்பி, எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, ஆஸ்பத்திரி பில், அடையாள அட்டை, பேங்க் பாஸ்புக் நகல் வெச்சு உங்க பகுதி விசாரணை அதிகாரிகிட்ட கொடுக்கணும். கோட்ட வருவாய் அதிகாரி, தாசில்தார் மாதிரி வருவாய்த் துறை அதிகாரிதான் அவர். தாலுகா ஆபீஸ்ல கேட்டா யாருன்னு தெரிஞ்சுடும். அவர் ஒரு மாசத்துல அறிக்கை அனுப்பணும், கலெக்டர் 15 நாள்ல உத்தரவு போடணும், அடுத்த 15 நாள்ல பணம் நேரா பேங்க் கணக்குக்கு வரணும். இதெல்லாம் விதியிலயே இருக்கிற கெடு.

இவ்வளவு இருந்தும் கேட்கிறது யாரு? 2022-ல நாடு முழுக்க 67,387 இடிச்சுட்டு ஓடின விபத்து. 2022-23 நிதியாண்டுல வந்த மனு 205. பணம் கிடைச்சது 95 பேருக்கு!

இந்தக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்ததுக்குப் பின்னாடி நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார். கோவை கங்கா மருத்துவமனையோட எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டார். அந்த வழக்குலதான் 2024 ஜனவரியில ஒரு உத்தரவு வந்துச்சு. ஒரு மாசத்துக்குள்ள வண்டி எதுன்னு தெரியலைன்னா, 'இப்படி ஒரு திட்டம் இருக்கு'ன்னு போலீஸே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்துல சொல்லணும். விசாரணை அதிகாரியோட விவரத்தையும் கொடுக்கணும். சொல்லலைன்னா நீங்க கேளுங்க. தப்பே இல்லை.

வண்டி கிடைச்சுட்டா?

அப்ப ஆட்டமே வேற. மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துல மனு போடலாம். விருதுநகர் மாவட்டத்துக்கு முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர்லயே இருக்கு. அங்க 50,000-ங்கிற வரம்பு கிடையாது. மருத்துவச் செலவு, வலி, எதிர்கால வருமானம் எல்லாமே கணக்குல வரும்.

"நான் ஸ்டூடன்ட்டாச்சே, எனக்கேது வருமானம்?" 2014-ல ஒரு வழக்கு. விபத்துல காயமடைஞ்ச பதினோராம் வகுப்பு மாணவிக்கு, அவர் படிப்புல கெட்டின்னு பார்த்து, மாசம் 10,000 ரூபாய் சம்பாதிச்சிருப்பார்னு எடுத்துக்கிட்டு உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு போட்டுச்சு. ஆக, உங்க மார்க் ஷீட்டும் ஒரு ஆதாரம். பத்திரமா வைங்க.

இந்த மனுவுக்கு ஆறு மாசக் கெடுன்னு 2022 ஏப்ரல்ல சட்டத்துல ஒரு வரி சேர்ந்திருக்கு. அதை எதிர்த்து வழக்குகள் போனது தனிக் கதை. நீங்க அந்தக் கதையை நம்பித் தூங்க வேண்டாம். ஆறு மாசத்துக்குள்ள போட்டுடுங்க. முதல்ல 161-ல பணம் வாங்கியிருந்தா, தீர்ப்பாயத்துல ஜெயிச்சதும் அதைக் கழிச்சுக்குவாங்க.

கூட இருக்கிற நண்பனுக்கு

அடிபட்டவன் வலியில துடிச்சுட்டு இருப்பான். வேலை எல்லாம் உங்க தலையிலதான் மச்சி!

* முதல்ல உயிர். 2021 டிசம்பர்ல வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, பட்டியல்ல இருக்கிற ஆஸ்பத்திரிகள்ல முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை. 2025 மே மாசம் வந்த மத்திய அரசுத் திட்டத்துல ஏழு நாளைக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை. சேர்க்கும்போதே கேளுங்க.

* இடத்தை போட்டோ எடுங்க. உடைஞ்ச ஹெட்லைட் துண்டு, பைக்ல ஒட்டின வேற கலர் பெயின்ட், டயர் தடம் எல்லாமே பேசும். டி.என்.67-ஆ, கே.எல்.-ஆங்கிற அரைகுறை நம்பர்கூட போலீஸுக்கு உதவும்.

* பக்கத்துல பெட்ரோல் பங்க், மில், கடைன்னு கேமரா இருக்கிற இடத்தைக் குறிச்சுட்டு போய் போலீஸ்ல சொல்லுங்க. பழைய பதிவு மேல புதுசு ஏறிடும். அதனால அன்னிக்கே சொல்லணும்.

* புகாரை உடனே கொடுங்க. சி.எஸ்.ஆர். ரசீதோட திரும்பிடாம, எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமா கேட்டு வாங்குங்க. சிகிச்சையால தாமதமானா, அதுக்காகவே கேஸ் செத்துடாதுன்னு 2011-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. காரணத்தைப் புகார்லயே எழுதிடுங்க.

* ஓடினவன் திரும்பி வந்து, "தம்பி, இந்தா ரெண்டாயிரம், ஆஸ்பத்திரிக்கு வெச்சுக்கோ, கேஸ் எதுக்கு?"ன்னு பேசுவான். வாங்காதீங்க, எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. எலும்பு கூடினப்புறமும் ஆபரேஷன் வரலாம். அப்ப அந்த ரெண்டாயிரம் ஸ்கேனுக்குக்கூடக் காணாது.

அடிபட்டது உங்க ஃப்ரெண்டே இல்லை, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்னா? அப்பவும் நிறுத்துங்க. காப்பாத்தினவரைக் கட்டாயப்படுத்திப் பேர் கேட்கவோ, சாட்சியா இழுக்கவோ கூடாதுன்னு 2019 திருத்தச் சட்டம் சொல்லுது. ஆஸ்பத்திரியில விட்டுட்டுக் கிளம்பும்போது அவர் காதுல ஒரு வார்த்தை மட்டும் போடுங்க: "அண்ணே, டாக்டர்கிட்ட நடந்ததை அப்படியே சொல்லுங்க."

அடுத்த வாரம் பார்ப்போமா பாஸ்?