இறங்கும்போது ஒரு சொல்

2019 ஆம் ஆண்டு ஆடி மாதம், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் வாழும் என் தங்கையின் இல்லத்திற் சில நாட்கள் தங்கியிருந்தேன். அங்கு அது குளிர்காலம். அந்நகர பஸ் வண்டிகளில் நடத்துனர் கிடையாது. ‘மைக்கி’ என்னும் அட்டையை இயந்திரத்தில் வைத்தாற் போதும். எவரும் எவருடனும் பேச வேண்டியதில்லை. ஆயினும், இறங்குவோர் பலரும் சாரதியை நோக்கி நன்றி கூறிச் செல்வதைக் கண்டு வியந்தேன்.

“அண்ணா, நான் இங்கு வந்த புதிதில், பகல் முழுவதும் ஒருவரும் என்னோடு பேசாத நாட்கள் இருந்தன. அந்நாட்களில் நான் வாய்திறந்து சொன்ன சொல் அது ஒன்றுதான். சாரதி தலையசைப்பார், அதுவே ஆறுதல்” என்றாள் தங்கை.

வாரந்தோறும் தொலைபேசியில் ‘சுகமாயிருக்கிறேன்’ என்று மட்டுமே சொல்லிவந்தவள் அவள்!

ஊர் திரும்பிய பின், மாத்தளையிலிருந்து வந்த பஸ்ஸில், கண்டி–யாழ்ப்பாண வீதியிலுள்ள நம் பலாபத்வல சந்தியில் இறங்குகையில், சாரதிக்கு நன்றி சொன்னேன். அவர் திகைத்து, “சேர், எதையாவது மறந்துவிட்டீர்களா?” என்று கேட்டார்.

ஆம், அன்பர்களே! இருபது ஆண்டுகளாக மறந்தே இருந்தேன்.