இல்லறத் திண்ணை: சேட்டையின் பொருள்



வாரநாள்கள் மின்சார ரயிலுக்கு உரியவை. ஞாயிறு ஒன்றே வீட்டுக்கு உரியது என்பது மும்பையில் குடியேறிய நம்மவர் அனைவரும் அறிந்த கணக்கு. எங்கள் இல்லத்தில் அந்த ஞாயிறும் எனக்கோ என் துணைவியார்க்கோ உரியதன்று. இரண்டு பெண்மக்களும் இரண்டு நாய்களும் அன்று ஆட்சி புரிகின்றனர். நாங்கள் இருவரும் குடிமக்கள். வரி செலுத்துவோரும் நாங்களே.

நாய்களை முதலில் அறிமுகம் செய்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கு முன் அவற்றைக் கூறுவது முறையன்று எனினும், எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் வாயிலில் முதலில் எதிர்கொள்வன அவையே. பெரியதன் பெயர் தாசில்தார். சிறியதன் பெயர் மிளகு. இரண்டும் தெருவிற் பிறந்தவை. தாசில்தாரின் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்பட்ட தெருநாய்க்கு இடும் அடையாளம் அது. வருவோர் அதனைப் போர்ப்புண் என்று எண்ணி வியப்பர், தாசில்தாரும் மறுப்பதில்லை.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு அது தன் தணிக்கையைத் தொடங்கும். ஒவ்வோர் அறைக் கதவையும் காலாற் சுரண்டித் திறக்கும். யார் யார் எங்கெங்கே உறங்குகின்றனர் என்று முகர்ந்து பார்க்கும். அனைவரும் விழித்துவிட்டனர் என்பது உறுதியானதும் தன் பாயிற் சென்று உறங்கிவிடும். சுற்றி வந்து பார்ப்பதும், பார்த்தபின் ஒன்றும் செய்யாதிருப்பதும் கண்டே என் துணைவியார் அதற்கு அப்பெயர் சூட்டினார்.

சங்கப் புலவர்கள் 'ஞமலி' என்று பெயர் சொல்லும் இனம் இது. வேட்டையும் காவலும் அதன் தொழில் என்பர். இச்செய்தி தாசில்தாருக்கு இன்னும் எட்டவில்லை. குக்கரின் முதல் விசிலுக்கே அது கட்டிலடியிற் புகுந்துவிடும். முழங்கால் உயரமும் இல்லாத மிளகுதான் அடுப்பங்கரை வாயிலில் நின்று குக்கரைக் குரைத்து விரட்டும். மூன்றாம் விசிலோடு குக்கர் அடங்கும்போது, அதனைத் தன் வெற்றி என்றே மிளகு கருதுகிறது.

மூத்தவள் ஞாயிறுதோறும் சரளி வரிசை பாடிப் பழகுவாள். மேல் ஸட்ஜத்தைத் தொட்டவுடன் தாசில்தார் முகத்தை உயர்த்தித் தானும் உடன்பாடும். வேறெந்தச் சுரத்துக்கும் அது வாய் திறப்பதில்லை. இசையாசிரியையிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டபோது, "சுருதி சேர்கிறது; தாளந்தான் போதாது" என்று அவர் தீர்ப்பளித்தார்.

இனி, பெண்மக்கள். மூத்தவளுக்கு வயது பதின்மூன்று. எங்களிடம் வந்தபோது ஐந்து. இளையவளுக்கு வயது எட்டு. வந்து இரண்டாண்டு ஆகிறது. இருவரும் வெவ்வேறு குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்தவர்கள். மராத்தி பேசிக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் வந்தவர்கள். மூத்தவள் முதலில் என் துணைவியாரை 'ஆயி' என்றழைத்தாள். மராத்தியில் அது தாயைக் குறிக்கும் சொல். 'அம்மா' என்று அழைக்கமாட்டாளோ என்று இவருக்குச் சிறிது ஏக்கம். 'ஆய்' என்பதும் தாயைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லே என்று நான் அகராதியை எடுத்துக் காட்டிய பின்னரே முகம் மலர்ந்தது. இளையவளோ தன் தமக்கையைத் 'தாயி' என்பாள். மராத்தியில் அதற்கு அக்காள் என்று பொருள். ஊரிலிருந்து வந்த என் பெரியம்மா இதனைக் கேட்டு, "பதின்மூன்று வயதுப் பெண்ணையா தாயி என்கிறாள்!" என்று திகைத்துப் போனார்.

இரண்டும் பெண்ணாகத் தத்தெடுக்கச் சட்டம் இடம் தருமா என்று நேயர் சிலர் வினவியதுண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து மகவேற்புச் சட்டப்படி, மகள் உள்ளவர் மற்றொரு மகளைத் தத்தெடுத்தல் இயலாது. ஆனால், 2000-ஆம் ஆண்டில் வந்த சிறார் நீதிச் சட்டம் அவ்வாறு தடுக்கவில்லை. ஏற்கெனவே மகள் உள்ள பெற்றோரும் அதன்வழி மற்றொரு மகளைப் பெறலாம் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. இப்போது நடைமுறையில் உள்ளது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். மூத்தவளுக்கான ஆணையை நீதிமன்றம் வழங்கியது. 2021-இல் செய்த திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டமையால், இளையவளுக்கான ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்கினார். ஒன்று மட்டும் நினைவிற் கொள்க. இடைத்தரகர் வழியாகவோ மருத்துவமனையிற் கைமாற்றாகவோ குழந்தையைப் பெறுதல் குற்றம். நடுவண் அரசின் தத்தெடுப்பு வள ஆணையத்திற் பதிவு செய்து, முறைப்படி காத்திருத்தலே நேர்வழி.

இனி, சென்ற திங்கள் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று ஞாயிறு. மாதுங்காவிற் காய்கறியும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு நானும் பெண்களும் திரும்பும் வழியில், எங்கள் பகுதிப் பூங்காவிற் பெருங்கூட்டம். ஆதரவற்ற நாய்க்குட்டிகளை வீடுகளுக்குக் கொடுக்கும் முகாம் அது. 'தத்தெடுப்பீர்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெரிய பலகை வைத்திருந்தனர். நற்பணிதான், குறை கூறுவதற்கில்லை. குட்டிகளைக் கண்டதும் எங்கள் பெண்கள் கூண்டருகே அமர்ந்துவிட்டனர். அங்கே ஓர் இளைஞர் தயங்கி நின்ற தம்பதியரிடம், "இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று இந்தியில் எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அச்சொற்கள் காதில் விழுந்தன, மனத்தில் விழவில்லை.

இளையவளுக்கு விழுந்திருக்கிறது. வீடு திரும்பும் வரை அவள் பேசவில்லை. மாலையில் தானே பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினாள். கேளாமலே வீட்டுப்பாடத்தை முடித்தாள். "எவ்வளவு பொறுப்பு!" என்று நான் மகிழ்ந்துபோனேன். இரவு விளக்கணைத்த பின் இருளில் அவள் குரல் கேட்டது.

"அப்பா, என்னையும் தத்துத்தானே எடுத்தீர்கள்? ஒத்துவரவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்?"

நேயர்களே, அக்கேள்விக்கு விடை என்னிடம் ஆயத்தமாக இல்லை. எழுந்து விளக்கேற்றி, சட்டம் பேசத் தொடங்கினேன். ஆணை வழங்கிய நாள்முதல் தத்துப்பிள்ளை, பெற்ற பிள்ளையைப் போன்றே எல்லா உரிமையும் உடையது என்று சட்டம் கூறுவதை விளக்கினேன். ஆணையின் படி இரும்பு அலமாரியில் உள்ளதையும் சொன்னேன். குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் துணைவியார் போதும் என்று கையமர்த்திவிட்டு அவளை மடியில் எடுத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தமையால் அவராலும் பேச இயலவில்லை.

பேசியவள் மூத்தவள். போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி அவள் சொன்னாள்:

"எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வந்த முதல் வருஷம் நான் ஒரு தடவைகூட அடம்பிடிக்கவில்லை. கத்தரிக்காயைக்கூடத் தின்றேன். அப்பாவும் அம்மாவும் 'தங்கமான பெண்' என்று எல்லோரிடமும் சொன்னார்கள். தங்கமாக இல்லாவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை உடைத்தேன். அப்பா கத்தினார், ராத்திரி எப்போதும் போலக் கதையும் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது பார், எவ்வளவு சண்டை போடுகிறேன்!"

அந்தக் கண்ணாடிக்கு ஆன செலவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனாற் பெற்ற வரவு இன்னது என்று எட்டாண்டுகளாக எனக்குத் தெரியாது, அவ்விரவிலேதான் தெரிந்துகொண்டேன்.

உறக்கம் வரவில்லை. தாசில்தார் வந்த முதல் மாதம் நினைவுக்கு வந்தது. மழையில் நனைந்து மாடிப்படியின் கீழ் ஒடுங்கியிருந்ததை உள்ளே கொணர்ந்தோம். ஒரு மாதம் அது குரைக்கவேயில்லை. வைத்ததை உண்டது, செருப்புகளின் அருகே சுருண்டு கிடந்தது. "என்ன ஒழுக்கமான நாய்!" என்று புகழ்ந்தோம். அஃது ஒழுக்கமன்று, அச்சம். நம்மைச் சிரிக்கவைக்கும் கூத்துகளையெல்லாம், இவ்வீடு தன்னுடையது என்று தெளிந்த பின்னரே அது தொடங்கிற்று. பிள்ளையை நாயோடு ஒப்பிடுகிறேன் என்று எவரும் எண்ணற்க. தனக்கோர் இடம் உண்டென்ற உறுதி இல்லாத உயிர் விளையாடத் துணிவதில்லை என்பதே நான் கண்டது.

பாரி மாய்ந்த பின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்றதைப் புறநானூறு காட்டுகிறது. மணம் வேண்டி மன்னர்முன் நின்றபோது, அப்பெரும்புலவர் 'நண்பனின் மக்களை வளர்த்து வருகிறேன்' என்று சொல்லவில்லை. தம் மகளிர் என்றே உரிமையோடு சொன்னார். அரசர் மறுத்தனர், கபிலர் தம் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே தெளிந்திருந்த இச்செய்தி, நம் சங்க விழாக்களிற் சிலர்க்கு இன்னும் தெளியவில்லை. "சொந்தப் பெண்களா?" என்று பிள்ளைகளின் எதிரிலேயே வினவுகின்றனர். "எவ்வளவு அடக்கம்! உங்கள் புண்ணியம்" என்று பாராட்டுகின்றனர். அன்புகூர்ந்து இரண்டையும் தவிர்த்திடுக. அடக்கத்துக்குப் பரிசளித்தால், அந்த அடக்கத்தின் அடியில் நடுங்கிக்கொண்டிருப்பதையும் சேர்த்து வளர்த்தவர்கள் ஆவோம். நாயைப் பற்றிப் பேசும்போது 'வளர்க்கிறோம்' என்னும் நல்ல தமிழ்ச்சொல் நமக்கு உண்டு. 'தத்து' என்பதைப் பிள்ளைகளுக்கே விட்டுவைப்போம். எங்கள் வீட்டில் அவ்வாறே முடிவு செய்துள்ளோம்.

அடுத்த ஞாயிறு காலை. உணவு உப்புமா. இரண்டாண்டுகளாக எதை வைத்தாலும் மறுக்காமல் உண்டுவந்த இளையவள், தட்டைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு தமக்கையைப் பார்த்தாள். பிறகு தட்டை இரு விரலால் மெல்லத் தள்ளினாள்.

"எனக்கு உப்புமா பிடிக்காது."

அடுப்பங்கரையில் ஒரு கணம் அமைதி. அடுத்த கணம் என் துணைவியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார். திருமணமான நாள்முதல் நான் சொல்ல எண்ணிச் சொல்லத் துணியாத சொற்கள் அவை. சொன்னவளுக்கு நெய்த்தோசை கிடைத்தது.

தள்ளிய தட்டின் அருகே தாசில்தாரும் மிளகும் வந்து பணிவோடு அமர்ந்தன. ஆயினும், உப்புமாவில் வெங்காயம் இருந்தது; வெங்காயம் நாய்களுக்கு ஆகாது. எனவே, அந்த இரண்டாவது தட்டு உப்புமாவையும் நானே உண்டேன்.