படத்துக்கு ஒரு துவக்கு வேணும்

எங்கட வயசு ஆக்கள் குறும்படம் எடுக்கத் தொடங்கினால் மூன்றாவது படத்துக்குள் எப்படியும் ஒரு துவக்கு வந்துவிடும். கதை 1971இல் நடக்கலாம், 1987இல் நடக்கலாம், 2009இல் நடக்கலாம். பிரதி எழுதி முடிஞ்ச கையோடு வாற முதல் கேள்வி, "துவக்குக்கு என்ன செய்யிறது?" என்பதுதான். அதுக்கு இப்ப எல்லாரிட்டையும் ஒரே பதில் இருக்கிறது: "எயார்சொஃப்ட் ஒண்டு எடுப்பம் மச்சான். அச்சு அசலா இருக்கும். சீப்பா ஒண்டு பாப்பம்."

இந்தப் பதிலைப் பற்றித்தான் நாங்கள் கொஞ்சம் கதைக்க விரும்புகிறோம். எயார்சொஃப்ட் கூடாது எண்டு சொல்ல வரேல்லை. ஆனால் 'சீப்', 'அச்சு அசல்' என்ற இரண்டு சொல்லையும் ஒண்டாக வைத்துத் தேடும்போது, எதை வாங்குகிறோம், அதுக்கு ஆர் விலை குடுக்கினம் எண்டு யோசிக்காமல் போய்விடுகிறோம்.

எயார்சொஃப்ட் யப்பானில் பிறந்த சாமான். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே சாதாரண சனம் துவக்கு வைத்திருப்பதை மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. துவக்கில் ஆசை கொண்டவர்கள் மாதிரிகளைச் சேர்த்தார்கள். 1971இல் அந்த மாதிரிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. உலோகத்தில் செய்த கைத்துவக்கு மாதிரி எண்டால் குழல் அடைபட்டிருக்க வேணும், நிறம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்க வேணும். பிறகுதான் 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் சன்னத்தைக் காற்றழுத்தத்தால் தள்ளுகிற விளையாட்டுத் துவக்குகள் பரவின. 2006ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சன்னத்தின் சக்தியை ஏறத்தாழ 0.98 யூலுக்குள் நிறுத்தியது. 0.2 கிராம் சன்னம் எண்டால் செக்கனுக்கு 99 மீற்றர் வேகம். தோலில் பட்டால் கண்டிப்போகும், கண்ணில் பட்டால் கண்ணே போகலாம்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் இரண்டு விசயத்தைத் தனித்தனியாக அளந்திருக்கிறது. ஒன்று சன்னம் எவ்வளவு பலமாகப் போகிறது என்பது. மற்றது சாமான் எவ்வளவு தூரம் அசலைப்போல் இருக்கிறது என்பது. முதலாவது சுடப்படுகிறவருக்கு ஆபத்து. இரண்டாவது பிடித்திருக்கிறவருக்கு ஆபத்து. படம் எடுக்கிற நாங்கள் முதலாவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை, ஏனெண்டால் எங்களுக்குச் சுடவே தேவையில்லை. சத்தமும் நெருப்பும் எடிற்றிங்கில் வருகிற காரியங்கள். நாங்கள் காசு குடுக்கிறது முழுக்க இரண்டாவதுக்குத்தான், அந்த 'அச்சு அசல்' தோற்றத்துக்கு.

சரி, அந்தத் தோற்றத்தைக் குறைந்த காசில் எப்படிப் பெறுவது?

எயார்சொஃப்டில் மூன்று வகை உண்டு. பற்றறியில் ஓடுகிறது, காஸில் ஓடுகிறது, கையால் இழுத்து ஏற்றுகிற ஸ்பிரிங். பற்றறித் துவக்கின் விலையில் பெரிய பங்கு உள்ளே இருக்கிற மோட்டருக்கும் பற்சில்லுக்கும் போகிறது. கமராவுக்கு அது தெரியாது. காஸ் துவக்கில் மேற்பாகம் பின்னுக்குப் போய் வருகிறபடியால் கைத்துவக்குக்கு அது அழகாகத்தான் இருக்கும், ஆனால் காஸுக்கும் பராமரிப்புக்கும் தொடர்ந்து செலவு. ஸ்பிரிங்தான் மலிவு. ஒவ்வொரு முறையும் கையால் இழுக்க வேணும் என்பது விளையாடுகிறவருக்குக் குறை. போல்ட் இழுத்துச் சுடுகிற பழைய றைபிளுக்கோ அசலே அப்படித்தான். ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேணும். ஆகவே 303ஐப் போலவோ, ஜேர்மன் கார்98கேயைப் போலவோ ஒன்று தேவையெண்டால் பற்றறிக்குக் காசு குடுப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, அசல் துவக்கு எதால் செய்யப்பட்டது எண்டு பாருங்கோ. அமெரிக்காவின் எம்1 கரண்ட், பிரித்தானியாவின் லீ-என்ஃபீல்ட் போன்றவற்றின் உடம்பில் பெரும்பகுதி மரம். மலிவான பிரதியில் அந்த மரம், மரம் மாதிரி நிறமடித்த பிளாஸ்ரிக்காக இருக்கும். கிட்ட வைத்து ஒரு ஷொட் எடுத்தால் உடனே பிடிபட்டுவிடும். மெய்யான மரமும் உலோகமும் கொண்ட பிரதிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் விலை மாணவர் கைக்கு எட்டாது. அதே காலத்து ஸ்ரென் துவக்கை எடுத்துப் பாருங்கோ. 1940இல் டன்கேர்க்கில் ஆயுதங்களை விட்டுவிட்டு வந்த பிரித்தானியா, 1941இல் அவசரத்துக்கு வடிவமைத்தது அது. ஒரு இரும்புக் குழாய், வளைத்து ஒட்டிய பிடங்கு, பக்கவாட்டில் ஒரு மகசின். நாற்பது இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அசலே மலிவுச் சாமான் எண்டபடியால் அதன் மலிவுப் பிரதியும் பொய்யாகத் தெரியாது. பழைய துவக்குகளில் குறைந்த காசுக்கு நம்பகமான பிரதி வேணுமெண்டு கேட்டால், தகட்டாலும் குழாயாலும் செய்த துவக்கைத்தான் நாங்கள் முதலில் சொல்லுவோம்.

ஆனால் எங்கட கதைக்கு ஸ்ரென் பொருந்துமா? இங்கேதான் கதை மாறுகிறது.

பிரித்தானியாவிலோ அமெரிக்காவிலோ ஒருவர் 'பழைய இராணுவத் துவக்கு' எண்டு சொல்லும்போது அவர் நினைப்பது நூதனசாலைச் சாமானை. தாத்தா காலத்து யுத்தம். எங்களுக்குப் பழசு என்ற சொல் அப்படி வேலை செய்யாது. ரி-56 என்பது சீனாக்காரர் ஏகே-47ஐப் பார்த்துச் செய்தது. பெயரில் இருக்கிற 56, 1956ஐக் குறிக்கும். வருசக்கணக்கைப் பார்த்தால் அதுவும் கிழட்டுத் துவக்குத்தான். ஆனால் அது இண்டைக்கும் காவலரணில் நிக்கிறவரின் தோளில் தொங்குகிறது. சேகரிக்கிறவருக்கு அது பழம்பொருள், எங்கட அம்மாமாருக்கு அது நேற்று வீட்டு வாசலில் நிண்ட சாமான். குறும்படக்காரர் அதிகம் தேடுவதும் அதைத்தான்.

பழசு எண்டால் பாதுகாப்பு எண்டும் இல்லை. பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், அசலைப்போன்ற போலித் துவக்குகளை விற்பதைத் தடுத்தது. நாடகம், திரைப்படம், நூதனசாலை, வரலாற்று மீள்நடிப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்தச் சட்டத்தின் கண்ணில் எது பழைய துவக்கு தெரியுமா? 1870க்கு முந்திய வடிவமாக இருக்க வேணும். 1895இல் வந்த லீ-என்ஃபீல்ட்கூட அங்கே நவீன துவக்குத்தான். தூரத்தில் நிண்டு பார்க்கிற ஒருவருக்கு அது சுடக்கூடிய ஒன்றாகத் தெரியுமா என்பதுதான் அங்கே கேள்வி. வயசு அதுக்குப் பிறகுதான்.

அந்தத் தூரத்துப் பார்வை என்ன செய்யும் என்பதுக்கு ஒரு பெயர் இருக்கிறது: ரமிர் ரைஸ். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், 2014 நவம்பர் 22ஆம் திகதி, ஒரு பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த 12 வயதுக் கறுப்பினச் சிறுவன். கையில் இருந்தது கோல்ட் 1911 கைத்துவக்கின் எயார்சொஃப்ட் பிரதி. 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட, இப்ப சேகரிப்பாளர்கள் ஆசையோடு வாங்குகிற அதே பழைய வடிவம். விளையாட்டுத் துவக்கு எண்டு காட்டுகிற செம்மஞ்சள் முனை அதில் இருக்கவில்லை. பொலிசுக்கு அழைத்தவர் அது போலியாக இருக்கலாம் எண்டும் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் வந்த பொலிசாருக்குப் போய்ச் சேரவில்லை. வாகனம் வந்து நிண்டு இரண்டு செக்கனுக்குள் சுட்டார்கள். அடுத்த நாள் பிள்ளை செத்துப்போனது. சுட்டவர் மீது குற்றம் சுமத்தப்படவில்லை.

இங்கே துவக்கு மட்டும் காரணமில்லை, அந்தப் பிள்ளையின் நிறமும் காரணம் எண்டு எங்களுக்குத் தெரியும். அதுதான் விசயமே. ஒரே பிரதி எல்லாரின் கையிலும் ஒரே சாமானாக இருப்பதில்லை. ஆர் பிடித்திருக்கிறார்கள், ஆர் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது விளையாட்டுச் சாமானாகவோ ஆயுதமாகவோ மாறும். கிளிநொச்சியிலோ வாகரையிலோ, பின்னேரம் ஆறு மணிக்கு, மோட்டார் சைக்கிளின் பின்னால் இருக்கிற ஒரு தமிழ்ப் பெடியனின் கையில் ரி-56இன் அச்சு அசல் பிரதி இருந்தால் அது என்னவாகத் தெரியும்? செம்மஞ்சள் முனை போடுங்கோ எண்டு அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது நல்லதுதான். அந்த நிறத்தின் கருத்து எங்கட ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

இதுக்கு எங்கட நண்பர்கள் சொல்லுகிற மறுப்பு நியாயமானது. "பொல்லை வைச்சு நடிச்சால் சனம் சிரிக்கும். எங்கட கதையை நாங்களே பகிடி ஆக்கிறதா?" உண்மை. திரையிடுகிற மண்டபத்தில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் துவக்கை எங்களைவிட நல்லாத் தெரிஞ்ச ஆக்கள். பிழையை உடனே பிடிப்பார்கள்.

ஆனால் அவர்கள் எதைப் பார்த்துப் பிடிப்பார்கள்? பாரத்தைப் பார்த்து. லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 நாலு கிலோவுக்குச் சற்றுக் கூட. அதைத் தோளில் போட்டு நாள் முழுக்க நடக்கிறவரின் முதுகு ஒரு பக்கம் சாயும், பட்டி தோளில் வெட்டும், இருக்கும்போது பிடங்கை நிலத்தில் ஊன்றித்தான் இருப்பார். மலிவான பிளாஸ்ரிக் பிரதி இதில் பாதிப் பாரமும் இல்லாமல் இருக்கும். நடிகர் அதைக் குடையைப்போல் தூக்கித் திரிவார். அங்கேதான் படம் பொய்யாகிறது. ஊரில் ஒரு தச்சரிடம் போய் அளவு குடுத்து மரத்தில் ஒன்று செய்வித்து, உள்ளே இரும்புக் கம்பி இறக்கிப் பாரம் ஏற்றினால், பத்தடி தூரத்து ஷொட்டில் அது பிளாஸ்ரிக் பிரதியைவிட உண்மையாக இருக்கும். பெரிய படங்களிலும் எல்லாருடைய கையிலும் நல்ல பிரதி இருப்பதில்லை. கிட்ட எடுக்கிற ஷொட்டுக்கு ஒன்று இரண்டு, பின்னால் நிற்கிறவர்களுக்கு இறப்பரிலோ மரத்திலோ செய்த டம்மி. கூத்திலே அருச்சுனன் மரவில்லோடு வருகிறான், பார்க்கிறவர்கள் நம்பித்தானே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேணும். 'பிரதி' என்ற சொல்லே ஏமாற்றக்கூடியது. 2021 ஒக்ரோபர் 21இல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது பழைய கோல்ட் ரிவோல்வரின் ஒரு பிரதியால்தான். அது இத்தாலியில் செய்த, உண்மையாகவே சுடக்கூடிய பிரதி. அதுக்குள் உண்மையான ரவை இருந்திருக்கிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 'த றூக்கி' என்ற அமெரிக்கத் தொடர் இனி எயார்சொஃப்ட் மட்டும் பாவிப்பது, நெருப்பைக் கணினியில் சேர்ப்பது எண்டு முடிவெடுத்தது. ஆக எயார்சொஃப்ட் ஒரு பாதுகாப்பான தெரிவாகவும் இருக்கலாம், அதைச் சுற்றி ஒழுங்கு இருந்தால்.

ஆகவே எங்கட கருத்து இதுதான். முதலில் கதையைத் திரும்ப வாசியுங்கோ. துவக்கு கண்ணில் தெரியத்தான் வேணுமா, அல்லது படலைக்கு வெளியே ஒரு சத்தமும் உள்ளே ஒரு முகமும் போதுமா? தெரியத்தான் வேணுமெண்டால் எத்தனை ஷொட்டில், எவ்வளவு கிட்ட? தூரத்து ஷொட்டுக்கு மரம். கிட்ட ஷொட்டுக்கு மட்டும் ஒரு பிரதி, அதுவும் கதை நடக்கிற வருசத்துக்குப் பொருந்துகிற, ஸ்பிரிங்கில் இயங்குகிற ஒன்று. போல்ட் அசைந்தால் போதும், சன்னம் போடவே வேண்டாம். ஓடர் போட முதல் சுங்கத்திலும் பொலிசிலும் எழுத்தில் கேளுங்கோ, கடைக்காரர் சொல்லுவதை நம்பிக் காசு அனுப்ப வேண்டாம். கமரா ஓடாத நேரமெல்லாம் பெட்டிக்குள் பூட்டி இருக்கட்டும். படப்பிடிப்புக்கு முதல் பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் மட்டுமில்லை, அயல் வீடுகளுக்கும் போய்ச் சொல்லுங்கோ. வேலிக்கு மேலால் துவக்கு முனையைக் கண்டு பயப்பிடப்போவது அவைதான்.

கடைசியாக, ஆளுக்கொரு துவக்கு வாங்குவதை விடுவம். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு எண்டு படம் செய்கிற மாணவர் குழுக்கள் பல இருக்கின்றன. எல்லாருமாகக் காசு போட்டு நல்லதாக ஒரு 303 டம்மி, ஒரு ரி-56 டம்மி, கிட்ட ஷொட்டுக்கு ஒரு பிரதி. ஆர் எடுத்தது, எப்ப திருப்பித் தந்தது எண்டு ஒரு கொப்பி. இதை வைத்தே பத்துப் படம் எடுக்கலாம். மிச்சக் காசில் ஒரு மைக் வாங்கலாம். எங்கட படங்களில் அதிகம் குறைகிறது துவக்கு இல்லை, கேக்கக்கூடிய ஒலி.