வேர்த்துண்டால் கன்று பெருக்குதல்: கிராமங்கள் கைக்கொள்ளத்தக்க முறை

பெரணமல்லூர் வட்டாரத்துக் குடியானவர்கள் நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் நல்ல விதை தேடுவதில் மிகுந்த கருத்துடையவர்கள். ஆனால் கிணற்று மேட்டிலும் கொல்லைப்புறத்திலும் நின்று பல்லாண்டு பலன் தரும் கறிவேப்பிலை போன்ற நிரந்தரச் செடிகளின் விஷயத்தில் அத்தகைய கருத்துச் செலுத்தப்படுவதில்லை. கன்று வேண்டுமாயின் சந்தையில் வாங்குவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. வாங்கிய கன்று எத்தாய்மரத்தின் வழிவந்தது, அதன் இலை மணமுள்ளதா என்பவை அது வளர்ந்த பின்னரே தெரியவரும். மணமற்றதெனத் தெரியும்போது, போன பணத்தோடு போன காலமும் நஷ்டமாகும். ஊரில் நல்ல மரம் ஒன்று இருக்குமாயின் இந்நஷ்டத்திற்கு இடமேயில்லை. அம்மரத்தின் வேரே கன்றுகளைத் தரவல்லது.

கறிவேப்பிலையின் பக்கவேர்கள் மண்ணின் மேற்பரப்பையொட்டி ஓடுகின்றன. ஏரோ மண்வெட்டியோ பட்டுக் காயமுற்ற இடத்தில் அவ்வேர் புதுமொட்டு விட்டுக் கன்றாக எழும்புவதை எல்லோரும் கண்டிருப்பர். வேரில் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்தே அம்மொட்டுக்கு முதல் ஆகாரம். இக்கன்றுகளைக் களையென்று கருதி வெட்டியெறிந்துவிட்டு, அதே செடியை விலைகொடுத்து வாங்குவது விவேகமாகாது. விதையினால் உண்டாகும் கன்றில் தாயின் குணம் மாறுவதற்கு இடமுண்டு. வேரினால் உண்டாகும் கன்றோ தாயின் குணத்தையே உடையது.

இம்முறையில் கடினமானது ஒன்றுமில்லை. மரம் ஓய்வாயிருந்து துளிர்க்கத் தொடங்கும் முன்னர், அதாவது தை மாதக் கடைசியில், அடிமரத்தினின்று சற்று விலகி ஒரு பக்கத்தில் மாத்திரம் மண்ணை அகற்றி, பென்சில் கனமுள்ள வேர்களை அறுத்தெடுத்தல் வேண்டும். அவற்றை 4 அங்குலத் துண்டுகளாக்கலாம். அடிமரத்தை நோக்கியிருந்த முனையை நேராகவும் மறுமுனையைச் சாய்வாகவும் வெட்டுவது நலம். துளிர் நேர்முனையிலிருந்தும் வேர் சாய்முனையிலிருந்தும் வெளிப்படுமாதலால், தலைகீழாய் ஊன்றும் பிழை இதனால் தவிர்க்கப்படும். எது தலை, எது கால் என்று தெரியாமற்போன துண்டுகளைப் படுக்கையாக வைத்து, ஓரங்குல மண்ணால் மூடலாம். மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த பாத்தி ஏற்றது. கோடை நெருங்குவதால் நிழற்பந்தல் அவசியம். ஈரம் குறையலாகாது, நீர் தேங்கவும் கூடாது, தேங்கினால் துண்டு அழுகிவிடும்.

மூன்றடி நீளமுள்ள ஒரு வேர் 9 துண்டுகளைத் தரும். இரண்டு வேர்களின் 18 துண்டுகளில் பாதியே பிழைத்ததாகக் கொண்டாலும் 9 கன்றுகள் உண்டு. ஐந்தடிக்கு ஒன்றாக நட்டால் ஒரு சென்ட் நிலத்தில் 17 கன்றுகளே கொள்ளும். ஆகவே நான்கு வேர்களின் பலன் ஒரு சென்ட் தோட்டத்திற்குப் போதுமானது. தாய்மரத்திற்கும் இதனால் பெருந்தீங்கில்லை. ஆனால் ஒரே வருஷத்தில் எல்லாப் பக்கங்களிலும் வேரறுப்பது மரத்தை வாட்டும்.

பந்தலும் பாத்தியும் அமைக்க வசதியில்லாதவர்கள் இன்னும் எளிய வழியைக் கையாளலாம். ஆனி மாதத்தில் பக்கவேரை மண்வெட்டியால் இலேசாகக் காயப்படுத்தி மூடிவிட வேண்டும். கன்று எழுந்து உரம்பெற்றபின், தாய்ப்பக்கத்து வேரைத் துண்டித்து, கன்றை இருந்த இடத்திலேயே சில வாரங்கள் விட வேண்டும். அதற்குள் அது சொந்தமாக உண்வேர் விடும். பின்னர் மழைக்காலத்தில் வேர்மண்ணுடன் பெயர்த்து நடலாம்.

வேரினால் பெருக்குதல் புதுமையான காரியமன்று. விதையில்லாத ஈரப்பலா உலகெங்கும் பரவியது பெரும்பாலும் வேர்க்கன்றுகளாலும் வேர்த்துண்டுகளாலுமே. 1789இல் தஹிதித் தீவிலிருந்து 1,000க்கு மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றிச்சென்ற பிளை என்னும் ஆங்கிலத் தலைவனின் கப்பலில் கலகம் மூண்டு, கன்றுகள் கடலில் எறியப்பட்டன. அவன் மறுமுறை சென்று 1793இல் மேற்கிந்தியத் தீவுகளில் அவற்றைச் சேர்ப்பித்தான். விதையற்ற மரமும் கடல் கடந்து குடியேறியது வேரின் வலிமையே.

இம்முறைக்கு எதிராகக் கூறத்தக்கவையும் உண்டு. விதைக்கன்றுக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும், வேர்க்கன்றுக்கு அவ்வாறன்று. ஆதலால் நீர்வசதியற்ற மேட்டுநிலத்திற்கு விதைக்கன்றே மேல். கறிவேப்பிலை விதை விரைவில் முளைப்புத்திறனை இழக்குமாதலால், பழுத்த சில நாட்களுக்குள் சதையை நீக்கி விதைத்துவிட வேண்டும். மேலும், ஒரே தாயின் கன்றுகளுக்கு ஒரே பலவீனம் இருக்கும். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் தாக்கக்கூடும். எனவே இரண்டு மூன்று மரங்களிலிருந்தேனும் வேர் எடுத்தல் வேண்டும். முடிச்சுகள் விழுந்த வேரில் நூற்புழு இருக்கலாமாதலால் அதனைத் தொடலாகாது. ஒட்டுக்கட்டிய மரத்தின் வேர்க்கன்று அடிச்செடியின் கன்றேயன்றி மேலே கட்டிய உயர்ந்த ஜாதியின் கன்றன்று. இதையறியாமல், சப்போட்டா ஒட்டுமரத்தின் அடியில் எழுந்ததை நட்டுவிட்டுப் பழத்திற்குக் காத்திருப்பவர் ஏமாற்றமே அடைவர்.

நன்னாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுதல் தகும். சர்பத்திற்கும் மருந்திற்கும் விலைபோகும் இவ்வேரை வரப்பிலும் காட்டிலும் தோண்டுகிறவர்கள் முழுவதையும் பெயர்த்துக்கொண்டு போனால், மறுவருஷம் அவ்விடம் வெறுமையாயிருக்கும். தண்டோடு ஒட்டிய வேர்த்தலையை மறுபடி ஊன்றிவிட்டால் கொடி தழைக்கும். எடுப்பவனே நடுபவனாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டத்திற்கு முன் மனச்சாட்சி விதிக்கும் கட்டளை.

விற்பனைக்காக வளர்க்கப்படும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்தின் எச்சம் இருந்தமையால், இந்தியாவிலிருந்து சென்ற சரக்கை ஐரோப்பிய ஒன்றியம் விசேஷப் பரிசோதனைக்கு உட்படுத்தியதுண்டு. நாள்தோறும் குழம்பில் சேரும் இலையில் மருந்து தெளிக்கப்பட்டதா என்பதைத் தன் கொல்லையில் வளர்ப்பவரே நிச்சயமாய் அறிவர்.

கிராம உத்தியோகஸ்தர்கள் இதில் செய்யக்கூடிய பணி செலவற்றது. ஊரிலுள்ள மணமிக்க, நோயற்ற மரங்கள் எவை, எவர் கொல்லையில் உள்ளன என்று விசாரித்துக் குறித்து வைக்கலாம். உடையவரின் சம்மதத்தோடு தை மாதத்தில் வேரெடுக்கச் செய்து, பள்ளிக்கூடத் தோட்டத்தில் ஒரு பாத்தி அமைக்கலாம். நிலமுடையோர் தம் கிணற்றின் உபரி நீரை அதற்கு உதவலாம். நிலமற்ற நெசவாளர் வீட்டுக்கும் ஒரு கன்று சேருமாயின், அவ்வூர் தன் செல்வத்தைத் தன் மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டதாகும்.